உன் பெயரில் ஏறிய பேட்ச்

இன்று காலை உனக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது. பெட்டி நிறைந்துவிட்டதாம், இனி எதையும் வாங்காதாம். கணினியை இயக்கும் கர்னல் மென்பொருள் குழுவின் மெயில்கள் நாள்தோறும் வந்து கொட்டுமே, அவைதான் நிறைத்திருக்கும். படிக்க ஆளில்லை என்று அவற்றுக்கு யார் சொல்வது? இத்தனை மாதமாக நான் அனுப்பியதையெல்லாம் உன் பெட்டி சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

அனுப்பியது உன் பேட்சைத்தான், கர்னல் பிழை ஒன்றுக்கு நீ எழுதிய திருத்தத்தை; குழுவுக்கு அனுப்பும்போது உனக்கும் ஒரு நகல்.

பிள்ளையார்பாளையத்தில் என் பக்கத்து வீட்டில் தறி ஓடும். ஆபீஸ் ஆட்களோடு போனில் பேச முடியாது. அதனால் வேகவதிப் பாலம் தாண்டி, திருப்பருத்திக்குன்றத்தில் உன் வீட்டு மாடிக்கு லேப்டாப்போடு வந்துவிடுவேன். அங்கேதான் அந்தப் பிழையை நீ கண்டாய். ஒரு புரோகிராம் தனக்கு முக்கியமான நினைவகப் பக்கங்களை வெளியே தள்ளக் கூடாதென்று கர்னலிடம் சொல்லிப் பூட்டி வைக்கும். புரோகிராம் முடிந்ததும் பூட்டு அவிழ வேண்டும். எப்போதாவது அவிழாமல் போனது. உரியவன் போய்விட்டான், பக்கம் மட்டும் பூட்டியபடி கிடக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அப்படிச் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் மெஷினே நின்றுவிடும்.

எங்கே தவறுகிறது என்று பார்க்க, நடுநடுவே நிலவரத்தை அச்சிடும் வரிகளைப் போட்டோம். போட்டால் பிழை வராது, எடுத்தால் வரும். அந்த வரி ஓடும் துளித் தாமதத்திலேயே எல்லாம் ஒழுங்காகிவிடும். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நீ சிரித்தாய். "நாம பாக்குறது அதுக்குத் தெரிஞ்சிடுதுடி. பாக்காத நேரத்துலதான் வேலையக் காட்டுது."

அதற்குள் கீழேயிருந்து உன் அம்மா கூப்பிடுவார். இருட்டுவதற்குள் சாப்பாடு முடிய வேண்டும் உங்கள் சமண வீட்டில். எவ்வளவு பெரிய பிழையானாலும் சாப்பிட்ட பிறகுதான்.

பிறகு நீ படுத்தாய். வயிற்றில் கட்டி என்றார்கள். நான் வரும்போதெல்லாம் தலை வாரி, சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்போடு இருப்பாய். மேனேஜர் பேசுவதுபோல் பேசிக் காட்டுவாய். தேறிவிட்டாய் என்று நம்பித்தான் வண்டியை எடுப்பேன். ஒரு நாள் வாசல் வரை வந்த உன் அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீ வந்தா எழுந்து உக்காந்துக்கினு சிரிக்கறா. நீ அந்தண்ட போனதும் சுருண்டுக்கினு படுத்துடறாமா."

அன்று பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். உன்மேல் கோபமும் வந்தது. பார்த்தால் பிழை ஒளிந்துகொள்ளும் என்று எனக்குச் சொன்னவளே நீதான்.

படுக்கையிலிருந்தே பேட்சை அனுப்பினாய். பதில் வந்தபோது நீ இல்லை. பூட்டை அவிழ்ப்பதற்கும் கணக்கில் கழிப்பதற்கும் நடுவே இன்னொரு புரோகிராம் நுழைந்தால் என்ன ஆகும் என்று சரிபார்த்தவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஓட்டை இருந்தது. வலியோடு எழுதியது, இருக்காதா? நீ இல்லை என்று அவருக்கு எழுதினேன். வருந்தினார். வேண்டுமானால் நானே என் பெயரில் புதிதாக எழுதி அனுப்பலாம் என்றார். நம் வழக்கம் உனக்குத் தெரியும். எழுதியவர் பெயர் மேலே நிற்கும். திருத்தியவர் கீழே ஒரு வரி எழுதிக் கையொப்பமிடலாம். அடியோடு மாற்றினால் மேலே இருக்கும் பெயரும் மாறிவிடும். அது மாறக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். உன் வரிகளை வைத்துக்கொண்டே ஓட்டையை அடைக்க மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். உன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான் கேட்பார்: "அவளுது ஏறிச்சாமா?"

இன்று மதியம் கர்னலில் ஏறிவிட்டது. எடுத்துக்கொண்டோம், நன்றி என்று ஒரு வரி. எழுதியவர் பெயரைப் பார்த்துத் தானாகவே போகும் மெயில் அது. உனக்குத்தான் வந்திருந்தது, எனக்கு நகல். உன் பெட்டி அதையும் திருப்பி அனுப்பியிருக்கும்.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"அவளுக்கு எழுதனாங்களாமா?"

எழுதினார்கள், நன்றி சொன்னார்கள் என்றேன். திரும்பி வந்ததைச் சொல்லவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். அவரும் சிரித்தார். உன் பெயரைச் சொல்லி இன்னொரு கரண்டி போட்டார். வாசலில் நின்று சிரித்த முகத்தோடு கையசைத்தார்.

பாலம் வரை வந்துவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது சிரித்து வழியனுப்பினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

வண்டியைத் திருப்பினேன். போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. உன் வீட்டில் விளக்குப் போட்டிருக்கவில்லை.