மேட்டுத் தெருவில் விழுந்த ஒரே ஓட்டு

மாதா துணை

மேட்டுத் தெரு, ஆம்பூர்
18-6-2024

அன்புள்ள மேகலா அப்பாவுக்கு,

அன்னம்மாள் எழுதுவது. நானும் மேகலாவும் நலம். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். பக்ரீத்துக்கு வந்த மஹபூப் பாஷா அண்ணன் வெள்ளிக்கிழமை அடிஸ் அபாபாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில் எலுமிச்சை ஊறுகாயும் தைலமும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுவீர்கள், நான் நிறுத்திக்கொள்வேன். பதினெட்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

மேகலா பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். இரண்டு நாள்தான் மழை பெய்தது, வெயில் இன்னும் விடவில்லை. நான் நேற்றிலிருந்து இதை மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். கம்பெனியில் ஒரே நாளில் நாலு ஜோடி ஷூவின் மேல்தோலைக் கோணலாகத் தைத்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை தெருக்கூட்டம் என்றும், நீங்கள் போனில் பேசுவீர்கள் என்றும் ராமமூர்த்தி அண்ணன் சொன்னார். நந்தினி எல்லோர் முன்னாலும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டால் மறுபடி லாரித் தண்ணீர் பிடிக்க விடலாம் என்று முடிவாம். மூன்றாவது வீட்டு நந்தினிதான், என்னோடு கம்பெனி வேனில் வருகிறவள். தெருவே ஓட்டுப் போடுவதில்லை என்று இருக்க, அவள் மட்டும் கட்சிக்காரனிடம் விலை போய் ஓட்டுப் போட்டுவிட்டாள் என்று உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. டேனரிக் கழிவு இறங்கி நம் தெரு போர்வெல் தண்ணீர் சிவந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கொடுத்த மனுக்களுக்குக் கணக்கில்லை. தேர்தலைப் புறக்கணிப்போம் என்று மார்ச் மாதம் நீங்கள் போனில் சொன்னதை ராமமூர்த்தி அண்ணன் மைக்கில் பிடித்தார். 'நம்ம தெருல ஒரு விரல்ல கூட மை இருக்கக் கூடாது' என்றீர்கள். ஆண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் காலிக் குடங்களோடு நின்றுகொண்டிருந்தோம், லாரி வரும் நேரம் அது. எங்களில் ஒருத்தியையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஓட்டுப்பதிவு முடிந்த சாயங்காலம் அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள், அறுநூற்று எண்பத்து நாலு பேரில் ஓர் ஓட்டு விழுந்திருக்கிறது என்று. மறுநாள் காலை ராமமூர்த்தி அண்ணன் தண்ணீர் லாரிப் பக்கத்தில் நின்று, குடம் பிடிக்கிற ஒவ்வொருவர் இடது கையையும் திருப்பிப் பார்த்தார். நந்தினியின் ஆள்காட்டி விரல் நகத்தில் கறுப்பு இருந்தது. அவளுக்கு வேலையே வெட்டிய தோலின் ஓரத்துக்குக் கறுப்புக் கலர் அடிப்பதுதான். தோலைப் பிடிக்கிற விரலில் அது ஏறி ஏறி நகக்கண்ணிலேயே தங்கிவிடும், சோப்புக்கும் போகாது, தின்னருக்கும் போகாது. 'இது கம்பெனி கலர்ண்ணா' என்று அவள் கத்தினாள். 'நேத்து லீவு நாளு. இன்னா கலர் அடிச்ச நீ?' என்று கேட்டார் அவர். பாதிப் பேர் தோல் வேலை செய்கிற தெரு இது. கலருக்கும் மைக்கும் வித்தியாசம் தெரியாதா? தெரியும். ஆனால் யாராவது ஒருத்தர் மாட்ட வேண்டியிருந்தது, அவள் தனியாள். அன்றைக்கு அவள் குடத்தைக் கவிழ்த்தார்கள். இந்த இரண்டு மாதமாக அவள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீர் சுமக்கிறாள்.

என் முறை வந்தபோது என் விரலில் துணி சுற்றியிருந்தது. தையல் மிஷின் ஊசி ஏறிவிட்டது என்றேன். 'பாவம், மேகலா அம்மா' என்று ராமமூர்த்தி அண்ணனே குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்தார்.

ஊசி ஏறவில்லைங்க. அந்த ஓட்டு நான் போட்டது.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். யாரும் இல்லை. இனி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுப்பதிவு அன்று மத்தியானம் பந்தலில் கறுப்புக் கொடியோடு உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும்போது, பூத் வைத்திருந்த ஸ்கூலின் பின்பக்கக் கேட் திறந்திருந்தது. போக வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பவில்லை, ஆனால் வாக்காளர் அட்டை ஜாக்கெட்டுக்குள் இருந்தது. இரண்டில் எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை.

போன தேர்தலில் நான் செத்துவிட்டதாகப் பட்டியலில் பெயரை அடித்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? நீங்கள் சிரித்தீர்கள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட மூன்று நாள் சம்பளத்தை விட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தேன். அப்படி வாங்கிய பெயர் அது. உள்ளே போனதும், காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த அந்த அதிகாரி சந்தோஷத்தில் எழுந்தே விட்டார். 'அன்னம்மாள், கணவர் பெயர் இருதயராஜ்' என்று உரக்கப் படித்தார். பந்தலுக்குக் கேட்டுவிடுமோ என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டேன். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. இந்தத் தெருவில் என் பெயரைக் கடைசியாக யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நீங்களும் சொன்னதில்லை.

மிஷினில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தேன். நம் மனுவைப் படித்தவர் ஒருத்தரும் அதில் இல்லை. 'இவர்களில் யாரும் இல்லை' என்ற கடைசிப் பொத்தானை அழுத்தினேன். நீங்கள் சொன்ன அதே வேண்டாம்தான். அதை நானே என் விரலால் சொன்னேன்.

ஜூன் நாலாம் தேதி எண்ணி முடித்ததும் நம் பூத்தில் விழுந்த ஒன்று யாருக்கும் இல்லை என்பதும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கட்சியும் யாரையும் வாங்கவில்லை என்று அன்றைக்கே விட்டிருக்கலாம். 'கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான்' என்கிறார் ராமமூர்த்தி அண்ணன். அவ்வளவு தூரம் போய் யாருக்குமே போடாமல் வந்த மக்கு என்று இப்போது நந்தினியைக் கேலி வேறு பேசுகிறார்கள். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. விடியும் முன்னே பின்பக்கமாக அவளுக்கு இரண்டு குடம் ஊற்றுகிறேன். நேற்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'நீங்க ஒருத்தர்தான்க்கா என்ன நம்பினீங்க, ஞாயித்துக்கெழமை மன்னிப்பு கேட்டுர்றேன், இனி சொமக்க முடியாது' என்று அழுதாள். நான் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், உங்களுக்குப் பயந்துதான். தெருவில் உங்கள் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. என்னால் அது போகக் கூடாது என்று பார்த்தேன். ஆனால் நந்தினி கும்பிட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு என்னால் அந்த லாரித் தண்ணீரைக் குடிக்க முடியாது.

நகம் வளர்ந்து மை நுனிக்கு வந்துவிட்டது. மேகலா தினமும் 'நகத்த வெட்டும்மா' என்கிறாள். வெட்டினால் அதோடு போய்விடும், அப்புறம் நானே சொன்னாலும் நந்தினிக்காகப் பொய் சொல்கிறேன் என்பார்கள். அதனால் வெட்டவில்லை. வெளியே போகும்போது இன்னும் சுற்றிக்கொள்கிற துணியை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவிழ்த்துக் கையைக் காட்டப் போகிறேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் காட்டுவேன். முன்னதாக உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நேரம் போனை வைத்துவிடாதீர்கள். கோபம் வந்தால் மைக்கிலேயே, எல்லோரும் கேட்கும்படி திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் 'மேகலா அம்மா' என்று திட்டாதீர்கள். பட்டியலில் இருக்கிறபடி என் பெயரைச் சொல்லித் திட்டுங்கள்.

தைலத்தைச் சூடு காட்டித் தேய்க்கவும். மாதா உங்களுக்கு நல்ல தூக்கம் தரட்டும்.

இப்படிக்கு,
அன்னம்மாள்