நாற்பத்தொன்றும் நூற்றுப் பதினெட்டும்

என் அஞ்சலைக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருப்பவளுக்கு எதற்குக் கடிதம்? எழுதியிருந்தாலும் நீ முதலில் எழுத்துப்பிழையைத்தான் பார்த்திருப்பாய். பத்தாம் வகுப்புப் பரீட்சையை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டைவிட்டவன் நான். பொறுத்துப் படி.

முதல் சேதி, நம் கௌசி வீட்டுக்கு வந்திருக்கிறாள். பாண்டிச்சேரியில் எம்.எஸ்சி. முடியப் போகிறது. வருகிற திங்கட்கிழமை அவள் செய்த ப்ராஜெக்டைப் பெரியவர்கள் முன்னால் நின்று விளக்க வேண்டும். அதற்கு ஒத்திகை பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். அந்த ஆள் நான்தான். சிரிக்காதே.

ஹாஸ்டலிலிருந்து அவள் போன் செய்து புரோட்டீன், அமினோ அமிலம் என்று பேசும்போதெல்லாம் நீ மீன் கழுவிக்கொண்டே "ம்... ம்..." என்பாய். உனக்கும் ஒன்றும் புரியாது. ஆனால் சரியான இடத்தில் ம் போடுவாய். இப்போது அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது.

"இப்ப எதுக்குப்பா ம் சொன்ன? நான் இன்னும் பேசியே முடிக்கல."

"முடிச்சிடுவன்னு ஒரு நம்பிக்கைல சொன்னேம்மா."

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். இந்த மாதத்தில் நம் உப்புப் பாத்தித் தண்ணீர் ரோஜாப்பூ நிறத்தில் சிவக்குமே, அந்தச் சிவப்பு ஒரு நுண்ணுயிராம். அத்தனை உப்பிலும் சாகாமல் குடித்தனம் நடத்துகிறது. அதனுடைய புரோட்டீன் ஒன்றைத்தான் நம் பெண் எடுத்திருக்கிறாள். புரோட்டீன் என்பது மணி கோத்த சரம். இந்தச் சரத்தில் நூற்று முப்பது மணி. சரம் நீளமாகக் கிடக்காது, தானாகச் சுருண்டு மடங்கிப் பந்தாகிவிடும். மடங்கும்போது எந்த மணி எந்த மணியைத் தொடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பட்டியல் எடுப்பதுதான் அவள் வேலை.

அந்தப் பட்டியலில் ஒரு ஜோடி அவளுக்கு உயிர். நாற்பத்தொன்றாவது மணியும் நூற்றுப் பதினெட்டாவது மணியும். அவ்வளவு உப்பிலும் அந்தப் பந்து பிரிந்துபோகாமல் பிடித்து வைத்திருப்பது இந்த ஜோடிதான் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அவளுடைய மேடம், திங்கட்கிழமை இதை நன்றாகச் சொன்னால் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

நான் உடனே கேட்டேன். "ரெண்டுக்கும் நடுவுல எழுபத்தாறு மணி இருக்குதே, எப்படிம்மா தொடும்?"

"சரத்தைப் புடிச்சிக்கிட்டே போவாதப்பா. நேரா பாரு."

நேராக எப்படிப் பார்ப்பது? முப்பது வருஷமாக உப்பளத்தில் நான் வரப்பில் மட்டும்தானே நடந்திருக்கிறேன். உப்பு விளைகிற பாத்தியில் எவன் குறுக்கே இறங்குவான்? எதிர் வரப்பில் நீ பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருப்பாய். நீ சிரித்தால் எனக்குப் பல் தெரியும், ஆனால் உன்னிடம் வந்து சேர நாலு பாத்தி சுற்ற வேண்டும். தூரம் என்றால் எனக்கு அந்தச் சுற்றுதான்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னுடைய ஓரம் கிழிந்த நீலப் புடவையைத் துண்டு துண்டாகக் கிழித்து, தார்ப்பாய் கட்டும் கயிற்றில் நூற்று முப்பது இடத்தில் முடிந்தேன். கௌசி எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு, தொடுகிற ஜோடிகளைத் தையல் நூலால் ஒன்றோடொன்று கட்டினேன். கயிறு சுருண்டு சுருண்டு ஒரு மூட்டையாகிவிட்டது. உப்பளத்துக் கொட்டகையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்ததைப் பக்கத்துப் பாத்திக் கன்னியப்பன் பார்த்துவிட்டான்.

"ஏம்பா, கூடு கட்றியா? முட்டை எப்ப வைப்ப?"

எல்லா ஜோடியும் சேர்ந்தது. நாற்பத்தொன்றும் நூற்றுப் பதினெட்டும் மட்டும் சேரவில்லை. ஒன்று மூட்டைக்கு இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். இழுத்துக் கட்டினால் மற்ற நூல்கள் பட் பட்டென்று அறுந்தன.

"நீ முடிச்சை எண்ணுனதுல தப்பு இருக்கும்ப்பா" என்றாள் கௌசி. இருக்கும். என் கணக்கைப் பற்றி அரசாங்கமே இரண்டு முறை அதைத்தான் சொல்லியிருக்கிறது. அதனால் புதிதாக இன்னொரு கயிறு எடுத்தேன். கிழிக்க உன் பழைய புடவை வேறு இல்லை, மற்றதெல்லாம் நல்லவை. என் பச்சை லுங்கியைக் கிழித்தேன். பத்துப் பத்தாக எண்ணி முடிந்தேன். அதுவும் அதே மாதிரிதான் வந்தது.

மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டு இரண்டு மூட்டைக்கும் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டேன். கண் செருகியதும் நீ வந்தாய். வரப்பில் வரவில்லை. ரோஜா நிறத் தண்ணீரின் நடுவே நேராக நடந்து வந்தாய். உன் கால் பட்ட இடத்தில் உப்பு கலையவில்லை, தடமே விழவில்லை. "அங்க இறங்காத, மேஸ்திரி பாத்துடப் போறான்" என்று கத்துகிறேன், சத்தம் வரவில்லை. நீ பாட்டுக்குக் கொட்டகைக்குள் வந்து குனிந்து, இரண்டு மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, "இதுக்குப் போயி..." என்றாய். அதற்குமேல் என்ன சொன்னாய் என்று கேட்பதற்குள் முழிப்பு வந்துவிட்டது. என்ன சொல்ல வந்தாய், அஞ்சலை?

எழுந்து பார்த்தால் இரண்டு மூட்டையும் உரசிக்கொண்டுதான் கிடந்தன. காற்று தள்ளியிருக்கும், இல்லை தூக்கத்தில் என் காலே தள்ளியிருக்கும். ஆனால் நீலத்தின் நாற்பத்தொன்றாவது முடிச்சு, பச்சையின் நூற்றுப் பதினெட்டாவது முடிச்சின் மேல் சரியாகப் படுத்திருந்தது.

சாயங்காலம் டீ கொண்டுவந்த கௌசியிடம் பெருமையாகக் காட்டினேன். "ஒட்டிடுச்சி பாரும்மா! ஒண்ணா இருந்தா ஆவல, ரெண்டு இருந்தா ஆவுது."

நான் ஏதோ வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் திறந்து வெகுநேரம் தட்டினாள். முகம் வெளுத்துப்போனது.

அவள் கணக்குப் போட எடுத்துக்கொண்ட ஃபைலில் ஒரே புரோட்டீன் இரண்டு பிரதி இருந்ததாம், பக்கத்தில் பக்கத்தில். இரண்டிலும் மணிகளுக்கு ஒரே எண்கள். அவள் எழுதிய புரோகிராம் எண்ணைப் பார்த்ததே தவிர, எந்தப் பிரதியின் எண் என்று பார்க்கவில்லை. இதன் நாற்பத்தொன்றையும் அதன் நூற்றுப் பதினெட்டையும் ஒரே சரம் என்று சேர்த்துவிட்டது.

"ரெண்டும் தொடுதுதானேம்மா?"

"புரோட்டீனைப் படிகமாக்கித்தான் படம் எடுப்பாங்கப்பா. படிகத்துல நெருக்கி அடுக்கியிருக்கும், பக்கத்துல இருக்கறதோட இடிச்சிக்கும். தண்ணில விட்டா ஒண்ண ஒண்ணு திரும்பிக்கூடப் பாக்காது. இது தொடர்பு இல்ல, வெறும் நெரிசல்."

படிகத்தைப் பற்றி எனக்கா தெரியாது? பாத்தியில் ஒட்டிக் கிடக்கும் கற்களை வாரி வாரித்தானே கை காய்த்துப் போனது. ஆனால் அப்பன் புத்தி வேறு பக்கம் போனது. "லுங்கி மூட்டையை நான் அவுத்துடறேன். நமக்கு மட்டும்தானே தெரியும்? திங்கட்கிழமை போவட்டும், அப்புறமா சொல்லிக்கலாம்" என்றேன். சொல்லும்போதே உன் முறைப்பு பிடரியில் பட்டது.

கௌசி முறைக்கவில்லை. "அம்மா ஒரு தடவை விளைஞ்ச பாத்தியில கால வச்சிட்டு என்னா பண்ணுச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாபகம் இருக்கிறதா? யாரும் பார்க்கவில்லை. தடத்தின் மேல் தண்ணீரை அள்ளி விட்டிருந்தால் முடிந்தது. நீ நேராக மேஸ்திரியிடம் போய், "அது என் கால்தான்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அன்றைக்கு உன்னைப் பைத்தியம் என்று திட்டியவன் நான்.

கொட்டகையில் டவர் கிடைக்காது. அவள் எதிர் வரப்புக்குப் போய் மேடத்துக்குப் போன் செய்தாள். உதடு அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. பிறகு திரும்பினாள். நாலு பாத்தி சுற்றி வர வேண்டும். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வெயிலில் பிடிபடவில்லை. குறுக்கே இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது எனக்கு. முப்பது வருஷத்தில் அந்த வரப்பு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

"என்னாம்மா சொன்னாங்க?"

"எல்லாத்தையும் திரும்ப ஓட்டிப் பாக்கச் சொன்னாங்க. அந்த ஜோடி இனிமே இல்லப்பா."

"இடம்?"

"அதப் பத்திப் பேசல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எப்படிக் கண்டுபுடிச்சன்னு கேட்டாங்க. சொன்னேன். திங்கக்கெழம அந்த ரெண்டு மூட்டையையும் எடுத்துட்டு வரணுமாம். கட்டுன ஆளையும்."

இடம் கிடைக்குமா, கிடைக்காதா, தெரியவில்லை. இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆனால் தூங்குகிறாள். முன்பு தூங்கவில்லை.

எனக்குத்தான் ஒரு கேள்வி மாட்டிக்கொண்டது. பத்துக்குப் பத்து அறையில் இருபத்தாறு வருஷம் நாம் இரண்டு பேரும் இடித்துக்கொண்டு கிடந்தோமே, அது என்ன, அஞ்சலை? தொடர்பா, நெரிசலா? உன்னை நான்தான் கடலில் கரைத்தேன். இப்போது அறை முழுக்க எனக்குத்தான். காலை நீட்டலாம், உருளலாம், கேட்க ஆளில்லை. இருந்தும் காலையில் எழுந்து பார்த்தால் பாயின் என் பக்கத்து ஓரத்திலேயேதான் கிடக்கிறேன். உன் பாதியில் ஒரு சுருக்கம்கூட விழுவதில்லை. இதைக் கௌசியின் கம்ப்யூட்டரில் எப்படிப் போடுவது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம். நீல மூட்டையை மடியில் வைத்துக்கொள்வேன், பச்சையைப் பையில் போட்டுக்கொள்வேன். பெரியவர்கள் என்ன கேட்டாலும் அவளே பதில் சொல்வாள், நான் வாயைத் திறக்க மாட்டேன். சரியான இடத்தில் மட்டும் ம் போடுகிறேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
பாயில் உன் பாதியைத் தொடாத
உன் வீட்டுக்காரன், கௌசியின் அப்பா.