வெயிலில் ஏறிய பில்

நைனா,

சோலார் போட்ட பிறகு கரண்ட் பில் குறையாமல் ஏன் ஏறியது என்று எனக்கு நேற்றுவரை புரியவில்லை. பில்லைப் பார்த்ததும், "அம்மா வளையல வித்து மாடி மேல காயப் போட்டுகினு கீற" என்றீர்கள். அதோடு பேச்சையும் நிறுத்திவிட்டீர்கள். மிச்சம் பிடிக்கப் பகலில் ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சோறும் கீரையும் மேடையில் இருக்கின்றன.

நேற்று மதியம் நீங்கள் தூங்கும்போது வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்தேன். மீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் விடாமல் மின்னியது. சோலார் சுவிட்சை இறக்கியதும் நின்றுவிட்டது. நாம் செலவழிக்காத சோலார் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகிறது. நம் பழைய மீட்டருக்கு வருவது எது, போவது எது என்று தெரியாது. எது ஓடினாலும் செலவு என்றே எண்ணும். நீங்கள் ஃபேனை நிறுத்த நிறுத்த, வெளியே போவது கூடியது, பில்லும் கூடியது. புது மீட்டர்தான் போனதைக் கழித்துக் காட்டும். அதை மாட்டினால்தான் சோலாருக்கான அரசு மானியமும் வரும். சோலார் மாட்டிய ஆள், புது மீட்டர் வரும் முன்பே சோலாரை ஓட்டிக் காட்டி, சுவிட்சை இறக்காமல் அப்படியே விட்டுப் போயிருக்கிறார்.

அரக்கோணம் வண்டிக்கு நேரமாகிவிட்டது. என் சாவி பக்கத்து வீட்டு அஃப்ஷா அக்காவிடம்.

மோனிகா

பி.கு: கட்டிய பில் திரும்பி வருமா, தெரியவில்லை. அம்மா வளையல் வராது.

இன்னொன்று: புது மீட்டர் வரும்வரை படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சோலார் சுவிட்ச் இறங்கியே இருக்கட்டும், நீங்கள் ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள்.