இலவமரத்துக்கு இடப்பக்கம்

நவம்பர் 3
இன்றும் இரண்டு பேர் முட்டிவரை சேற்றோடு எங்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். காலை ஏழுக்குக் காட்டுப்பாதையில் கிளம்பியவர்கள், கடற்கரையைப் பார்த்தது மதியம் இரண்டுக்கு! பாதை முனையில் கடை வைத்திருக்கும் எலியேசர் சொன்ன வழி அப்படி: "இலவமரத்துக்கு இடப்பக்கம் திரும்புங்க." அந்த மரம் விழுந்து பதினோரு வருஷம் ஆகிறது. நேரே போனால் சதுப்பு. ஒரு பலகை வை என்று எத்தனை தடவை சொல்வது? "எல்லாருக்கும் தெரிஞ்ச மரம்தானே, யோர்லெனி" என்கிறான். வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும், மண்டு!

நவம்பர் 5
தலைநகர் சான் ஹோசேயிலிருந்து அக்கா மரியெலோஸ் ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். முதல் தடவை. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அம்மா செத்தபோது ஆறு பெருகி, மூன்று நாள் என்னால் இந்தக் கரையை விட்டு நகர முடியவில்லை. அடக்கத்துக்குப் போகவில்லை. "ஒரு ஓடையைச் சாக்கு சொல்றியா?" என்று கேட்டாள். வேண்டுமென்றா போகாமல் இருந்தேன்? இந்தத் தடவையாவது நம்புவாளா?

நவம்பர் 8
வழி எழுதி அனுப்பிவிட்டேன். மழைக்கு முன் ஆற்றைத் தாண்டிவிடு என்று இரண்டு முறை எழுதினேன்.

நவம்பர் 9
பத்துக்கு வர வேண்டியவள். மணி ஒன்று. மழை வேறு. மனசு மாறிவிட்டதா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா!

நவம்பர் 10
நேற்று ஆற்றங்கரைக்கு ஓடினேன். அக்கரையில் நிற்கிறாள் - ஒரு காலில் செருப்பில்லை, இடுப்புவரை சேறு. நடுவில் செம்மண் நிறத்தில் வெள்ளம்.

"எங்கடி அந்த இலவமரம்? மூணு மணி நேரமாத் தேடுறேன்!"

ஐயோ. நானே எழுதியிருக்கிறேன். எலியேசரைத் திட்டிய நானே!

"அது விழுந்துடுச்சுக்கா!"

"எப்போ?"

"பதினோரு வருஷமாச்சு!"

அவள் திட்டியதை இங்கே எழுத மாட்டேன். கோபத்தில் தண்ணீரில் இறங்கியே விட்டாள். இரண்டாவது அடியில் வெள்ளம் காலை வாரியது. நான் போட்ட கூச்சலில் தொண்டை இன்னும் வலிக்கிறது. நல்லவேளை, ஒரு வேர் கைக்குக் கிடைத்தது. கரையேறி உட்கார்ந்தவள் நான்கு மணி நேரம் அசையவில்லை. வெள்ளம் வடிந்தபின் என் வீட்டுக்காரர் கயிறு கட்டிப் போய் அழைத்துவந்தார்.

ராத்திரி பீன்ஸ் போட்ட சோற்றைப் பிசைந்தபடியே என்னிடம் கேட்டாள்: "அன்னைக்கும் இப்படித்தான் ஓடிச்சா?"

"இதைவிட மோசம்."

"நீ இறங்கியிருந்தா ரெண்டு பேரை அடக்கம் பண்ணியிருப்பேன்." சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான்.

நவம்பர் 12
அம்மா கல்லறைக்கு இருவரும் போகிறோம். "எட்டுக்குள்ள ஆத்தைத் தாண்டணும், தெரியாதா? இன்னும் என்னடி எழுதிக்கிட்டு!" என்று வாசலில் நின்று என்னையே விரட்டுகிறாள். உயிரை வாங்குகிறாள்.