போனில் பத்மாசனி தட்டியது

இறக்கக்கண்டி வாடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பத்மாசனிக்கு,

கோணல்மாணலான என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளும். இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போய்விட்டது. ஆனால் எல்லாம் நானே எழுதியது! எங்கள் மீன்பிடி வாடிக்கு ஐஸ் கொண்டுவரும் ஜவ்பர்தான் எழுதப் பழக்கினார். “அண்ணே, உங்கட ‘ழ’ வலையில மாட்டின நண்டு மாதிரிக் கிடக்கு” என்று சிரிக்கிறார்.

நான் சுகம். உமக்கு எப்படி? கதிர் சிகிச்சைக்குப் பிறகு தொண்டைப் புண்ணால் உமக்குக் கதைக்க ஏலாது. அதனால்தான், வலித்தால் போனில் விரலால் ஒரு தரம் தட்டும், வலி இல்லாவிட்டால் இரண்டு தரம் தட்டும் என்று சொன்னேன். நீர் எப்போதும் இரண்டு தரமே தட்டினீர். நானும் நம்பி, நிம்மதியாகச் சோறு தின்றேன்.

நேற்று மகள் சுலோஜனா சொல்லிவிட்டாள். “அம்மா வலியில அழுறா, அப்பா. குளிசையைக் குடுத்தா, பிறகு பாப்பம் எண்டு தலையாட்டுறா.”

அப்படிச் செய்ய வேண்டாம். டாக்டர் சொன்ன நேரத்துக்குக் குளிசையைப் போடும். களைத்தால் பகலிலும் படுத்திரும், வீடு கூட்டாமல் கிடக்கட்டும். மகள் லீவு எடுத்து நிற்பதே உமக்காகத்தான். அவளிடம் வலியை ஒளிக்காதேயும்.

சீசன் முடியும்வரை எனக்கு வர ஏலாது. உம்முடைய பழைய சீலை ஒன்றை மீன் லொறியில் கொடுத்துவிடும். கடற்காற்றுக்குப் போர்த்துக்கொள்ளத்தான்.

லொறிக்காரர் ஹோன் அடிக்கிறார். அடுத்த கிழமையும் எழுதுவேன். அதற்கு முன் நீர் ஒரு வரி எழுதி அனுப்பும், எங்கே வலிக்கிறது என்று மட்டும். இப்போது எனக்கு வாசிக்கவும் தெரியும்.

உமது,
மார்க்கண்டு