காற்றுத் துளை இல்லாத மூடி

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
17.11.1992

அன்பு மகள் செல்லக்கனிக்கு அப்பா எழுதுவது. வைத்தியநாதர் புண்ணியத்தில் பழைய இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். இந்நேரம் உன் மாமனாரும் மாமியாரும் பிலாயில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். வழியில் நம் டீசல் கார் நின்றுபோன கதையைச் சம்பந்தி சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியாத பாதியை நான் எழுதுகிறேன்.

உன் அம்மா இருந்திருந்தால் பேறுகாலத்துக்கு அவள் வந்திருப்பாள். அவள் இல்லை, நீ ராஜபாளையத்துக்கு எழுதினாய், அத்தையும் மாமாவும் பக்கத்தில் இருந்தால் தைரியம் என்று. அந்தக் கடிதத்தைச் சம்பந்தி எனக்கு வாசித்தே காட்டினார். நாலு பக்கம். எனக்கு நீ எழுதியது இன்லாண்டில் பாதி, அதிலும் அவர்களை மதுரையில் ரயில் ஏற்றிவிடுங்கள் என்பதுதான் விஷயம். எனக்கு வயிறு எரிந்தது மகளே. ஞாயிறு மத்தியானம் ராஜபாளையத்தில் அவர்களை ஏற்றும்போது லேகியம், கருப்பட்டி, பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணி என்று உன் மாமியார் பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்ததைக் கண்டேன். எல்லாம் என் வீட்டிலிருந்து போக வேண்டியவை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியைக் கிளப்பினேன்.

கிருஷ்ணன்கோவில் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், நன்றாக ஓடிய வண்டி சட்டென்று அணைந்துவிட்டது. ஸ்டார்ட் செய்தால் என்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. சைலன்சரில் துளிப் புகை இல்லை. புகை இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம், ஆனால் காலையில்தான் டேங்கை நிரப்பியிருந்தேன். சம்பந்தி முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர் அல்லவா, சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையை பானட்டுக்குள் விட்டார். முழங்கையையும் சுட்டுக்கொண்டார். ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் கைப்பம்பை அடித்தார், ஒரு சொட்டு வரவில்லை. "பம்புதான் போச்சு சம்பந்தி, வேற காரு பாப்பம்" என்று சொல்லி, வெயிலில் பனியனோடு நின்று போகிற வண்டிக்கெல்லாம் கை காட்ட ஆரம்பித்தார். போன மாதம் மாற்றிய பம்பு. எனக்கு நம்பிக்கை இல்லாமல் பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. அப்போதே புரிந்துவிட்டது. பழைய மூடி துருப்பிடித்துக் கிடந்தது, சம்பந்தி கண்ணுக்குக் கௌரவமாக இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் பளபளவென்று புதுசாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன். அதில் காற்றுத் துளை இல்லை. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று புக வழியில்லாமல், மிச்ச டீசலை டேங்க் விடாமல் பிடித்துக்கொண்டது.

மறைக்காமல் எழுதுகிறேன். மூடியை மறுபடி திருகி வைத்தேன். ரயில் போகட்டும், இவர்கள் வராவிட்டால் நீ என்னைத்தான் கூப்பிடுவாய் என்று நினைத்தேன். கால் மணி நேரம் ஒன்றும் தெரியாதவன் போல நின்றேன். புளியமரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த உன் மாமியார்தான், "அண்ணாச்சி, இந்த ரயில விட்டா பொறவு நாலு நாளைக்கு எடம் கெடைக்காதாம். எம் மவனுக்கு நைட் ஷிப்ட்டு. அந்தப் பிள்ளை ஒத்தையில கெடக்கும், வலி வந்தா ஆரக் கூப்பிடும்?" என்றார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு டேங்க் வாயில் துணியைக் கட்டினேன். கைப்பம்பை அடித்ததும் முதலில் நுரையாக வந்தது, செத்த நேரத்தில் சுத்த டீசல் வந்தது. மூன்றாவது தடவை என்ஜின் பிடித்துக்கொண்டது. மதுரையில் ரயில் நகர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏற்றிவிட்டேன். சம்பந்தி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கே பிடிபடலையே, உங்க மூளை ஆருக்கு வரும்" என்றார். எனக்குக் கூசிப்போனது.

அவர்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, உன்னிடம் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். உனக்குக் கஷாயம் வைத்துத் தருவது யார் என்று நினைத்தால் இப்போதும் எரிகிறது. அதனால் அன்றைக்கே ஸ்டேஷனில் அடுத்த மாதம் மூன்றாம் தேதிக்கு எனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். நீ கூப்பிடவில்லை, நானாகத்தான் வருகிறேன். இடமில்லையென்றால் வராந்தாவில் படுத்துக்கொள்வேன்.

இரும்பு மாத்திரையை விடாதே. மாடிப்படியில் கவனம். சம்பந்தி முழங்கைக்கு மருந்து போடச் சொல். கோயில் திருநீறு இத்துடன் வைத்திருக்கிறேன், நெற்றியிலும் வயிற்றிலும் பூசிக்கொள். தாயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உடம்பாகி நீண்ட ஆயுசோடு இருக்க என் ஆசீர்வாதம். பிள்ளையை முதலில் யார் கையில் கொடுத்தாலும் கொடு, இரண்டாவது என் கையில்தான்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
சுயம்புலிங்கம்