இரண்டாவது கார்டு

ஞாயிறு, இரவு. மழை விடவில்லை.

நீலாய் டவுனில் வேலை பார்க்கும் என் மகன் பிரவீன் இன்று மதியம் ரந்தாவ் எஸ்டேட் வீட்டுக்கு வந்தான். நான்தான் கூப்பிட்டேன். தைப்பூசத்துக்கு வரச் சொன்னபோது, "வீட்டு பி.சி. ரொம்ப ஸ்லோவா இருக்குப்பா, கேம் விளையாட முடியல. வந்து என்ன செய்யறது?" என்று போனில் சொல்லியிருந்தான். அது மனதிலேயே கிடந்தது. எஸ்டேட்டில் டிராக்டர் சேற்றில் புதைந்தால் முன்னால் இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுப்போம். அதே யோசனையில், பி.சி.க்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு மாதிரியே இன்னொன்றை வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து நானே மாட்டினேன்.

பிரவீன் பி.சி. பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தான்.

"இப்ப உள்ள கேம் எல்லாம் ஒரு கார்டைத்தான்பா எடுக்கும். இன்னொன்னு சும்மா சூடாகிட்டு கிடக்கும் லா. கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்தி மாட்டி விட்டுட்டான்."

சாப்பிடக் கூப்பிட்டேன். கோழிப் பெரட்டல் செய்திருந்தேன். கொஞ்சமாகச் சாப்பிட்டான். மிச்சம் சட்டியோடு இருக்கிறது.

கிளம்பும்போது, "அதக் கழட்டி வித்துருங்கப்பா" என்றான்.

"அப்புறம் நீ வந்தா எதுல விளையாடுவ?"

"நான் தீபாவளிக்கே லேப்டாப் வாங்கிட்டேன்பா."

சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது. அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். தீபாவளி போன வருஷமே முடிந்துவிட்டது; தைப்பூசத்துக்கு நான் கூப்பிட்டது அதற்குப் பிறகு. அது எனக்கும் தெரியும்.

இப்போதுதான் அவனுக்குச் செய்தி அனுப்பினேன். "கார்டைக் கழட்ட எனக்குத் தெரியல. அடுத்த வாரம் நீயே வந்து கழட்டு."

கடைக்காரன்தான் மாட்டினான் என்றே அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.